பக்கத்தில் நின்றவர்

கல்லூரியில் படித்தபோது ஒரு படத்தை ஆறு தடவை பார்த்தேன். ஆறும் தியேட்டரில், அதில் நான்கு தடவை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு. படத்தின் பெயர் இங்கே வேண்டாம். வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த படம், நன்றாக ஓடிய படம். அதன் நாயகனுக்கு வேலைவெட்டி கிடையாது. அக்கா வீட்டில் தின்றுவிட்டு அக்கா புருஷனின் சட்டையையே மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவான். அவனிடம் இருந்த ஒரே சரக்கு, யார் குரலிலும் பேசுவது. அடுத்தவர் குரலில் போன் பேசியே ஒரு கல்யாணத்தை நிறுத்துவான், ஒரு கடையை மூட வைப்பான், ஒரு குமாஸ்தாவின் வேலைக்கு உலை வைப்பான்.

மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சைகை உண்டு. கண்ணை அகல விரித்து, உதட்டைப் பிதுக்கி, பக்கத்தில் நிற்பவரை ஆள்காட்டி விரலால் காட்டுவான். யார் நின்றாலும் சரி. அடி அவருக்கு விழும். தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகும். கடைசிக் காட்சியில் அவனால் நொந்தவர்கள் அத்தனை பேரும் கட்டையோடு திரண்டு வருவார்கள். அவன் ஒரு குட்டிக்கரணம் போடுவான். எல்லோரும் சிரித்துக் கட்டையைக் கீழே போட்டுவிட்டு அவனோடு சேர்ந்து ஆடுவார்கள். சுபம்.

எனக்கும் குரல்கள் வரும். அது பிறவிக் கோளாறு என்று என் மனைவி சொல்வாள். கன்டோன்மென்ட் பக்கத்தில் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரே வருடத்தில் அங்கிருந்த முப்பது பேரின் குரலும் எனக்கு அத்துப்படி. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு அனுப்பிவிடுவதோடு முடியாது. வேன் பிடித்து அலுவலகமே அவரோடு புறப்பட்டு, வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும். வீட்டார் ஆரத்தி எடுப்பார்கள், டிபன் கொடுப்பார்கள். டிபனுக்குப் பிறகு என் மிமிக்ரி. நான் சேர்ந்த பிறகு அதுவும் வழக்கத்தில் சேர்ந்துவிட்டது.

இனி இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் என்னோடு வேலை பார்த்தவர்கள். பெயர் வேண்டாம், அவரவர் குடியிருந்த பகுதியை வைத்தே சொல்கிறேன்.

ஒருவர் பொன்மலை. எங்கள் அலுவலக ஜீப் ஓட்டியவரின் மனைவி. அவர் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போனதால் கருணை அடிப்படையில் இவருக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு, அதுவும் படித்துப் பல வருடம் ஆகியிருந்தது. இன்னொருவர் மேலப்புதூர். மாதா கோயில் தெருவிலேயே பிறந்து வளர்ந்து கான்வென்ட்டில் படித்தவர், பொன்மலைக்காரரைவிடப் பத்து வயது சின்னவர். இருவருக்கும் எப்படி ஒட்டியது என்று எங்களுக்கே வியப்புத்தான். ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள், ஒரே பஸ்ஸில் போவார்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக் பொன்மலைக்குப் போகும், ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் மேலப்புதூருக்கு வரும்.

அந்த வருடம் புது ஆபீசர் வந்தார். வடக்கத்தியர், தமிழ் ஒரு சொல் தெரியாது. ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவர் ஆங்கிலத்தில்தான் விளக்க வேண்டும். பொன்மலைக்காரர் நடுங்கிப்போனார். மேலப்புதூர்க்காரர் மதிய இடைவேளையில் அவரை ரெக்கார்டு ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். யாருக்கும் தெரியக் கூடாது என்பது இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

எனக்குத் தெரிந்தது. நான் மதியம் தூங்குவது அங்கேதான். கடைசி ரேக்குக்குப் பின்னால், பழைய ஃபைல் கட்டுகளை அடுக்கி, மேலே துண்டை விரித்துப் பத்து வருடமாகத் தூங்கி வந்தேன். அன்று பேச்சுச் சத்தத்தில் விழிப்பு வந்தது. எழுந்து கனைத்திருக்கலாம். மனிதனாக இருந்தால் கனைத்திருப்பான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், தூங்குவதற்கு அல்ல, கேட்பதற்கென்றே போனேன்.

பொன்மலைக்காரர் எதைப் பழகினார் தெரியுமா? ஃபைல் விஷயம் முடிந்ததும், தான் யார் என்று ஆபீசரிடம் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டார். "மை ஹஸ்பண்ட் ஆல்ஸோ ஹியர் ஒர்க், சார். டிரைவர். நவ் ஹி இஸ்..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கொஞ்சம் தடுமாறி, "ஹி இஸ் நோ, சார்" என்றார்.

ஹி இஸ் நோ. ரேக்குக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த மாதமே எங்கள் தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றார். அவர் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில். வேனில் போனோம். மொட்டை மாடியில் நாற்காலி போட்டிருந்தார்கள், ராஜகோபுரம் தலைக்கு மேலேயே நின்றது. புளியோதரையும் அக்காரவடிசிலும் முடிந்து, "எங்கே நம்ம ஆளு?" என்று குரல் எழுந்தது. ஆபீசரும் மனைவியோடு முன் வரிசையில் இருந்தார். அவருக்குத் தமிழ் புரியாதே, என்ன செய்வது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவருக்கும் புரிகிற உருப்படி ஒன்று கையில் இருந்தது.

முந்தானையைப் பிடித்துக்கொள்வதுபோல் தோளில் துண்டைப் பிடித்துக்கொண்டு செய்தேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? அந்தக் குரலின் முதல் எழுத்திலேயே மாடி அதிர்ந்தது. "ஹி இஸ் நோ, சார்" என்றபோது ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "உம்ம நாக்கிலே ஹயக்ரீவர் குடியிருக்கார், ஸ்வாமி" என்று தலைமை எழுத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சிரிப்பு அடங்குவதற்குள் பொன்மலைக்காரர் என் எதிரே வந்து நின்றார். கையில் சாப்பிட்ட தட்டு. அழவில்லை. தாழ்ந்த குரலில், "இத யாரு சார் உங்களுக்குச் சொன்னா?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. ஆறு தடவை பார்த்த படம் கையில் ஊறிப்போயிருந்தது. கண்ணை விரித்தேன், உதட்டைப் பிதுக்கினேன், பக்கத்தில் நின்றவரை விரலால் காட்டினேன். பக்கத்தில் நின்றவர் மேலப்புதூர்க்காரர்.

கூட்டம் மறுபடி சிரித்தது. அந்தச் சைகை எல்லோருக்கும் தெரியும். மேலப்புதூர்க்காரருக்கும் தெரியும், அதனால் அவரும் பட்டென்று சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான், தான் அக்கா என்று கூப்பிடுகிறவரின் முகத்தைப் பார்த்தார். பொன்மலைக்காரர் சினிமா பார்க்கிறவர் அல்ல. விரலையும் பார்த்தார், அந்தச் சிரிப்பையும் பார்த்தார். தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். வேனுக்குக் காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை டிபன் கேரியர் இரண்டாகிவிட்டது. மேலப்புதூர்க்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பின்ன ரேக்கா வந்து சொல்லிச்சு?" என்று ஒரே பதில். ரேக்குதான் சொன்னது என்பது எனக்கு மட்டும் தெரியும். கொஞ்ச நாளில் மேலப்புதூர்க்காரரும் ஊகித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"சார், நீங்க எப்படிக் கேட்டீங்கன்னு நான் கேக்கல. அக்காகிட்ட ஒரு வார்த்தை, நான் சொல்லலன்னு மட்டும் சொல்லிடுங்க."

"சொல்றேன் மேடம், இதுக்குப் போய்..." என்றேன்.

மூன்று தடவை வந்து கேட்டார். மூன்று தடவையும் சொல்றேன் என்றேன். சொன்னால் ரெக்கார்டு ரூம் தூக்கம் வெளியே வரும். அப்போது என் பதவி உயர்வுக்கான அறிக்கை ஆபீசர் மேஜையில் இருந்தது. காரணம் அவ்வளவுதான், இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த டிசம்பரில் மேலப்புதூர்க் கேக் பொன்மலைக்குப் போய்ப் பிரிக்காமலே திரும்பி வந்தது. அடுத்த கோடையில் மேலப்புதூர்க்காரர் தானே கேட்டு வாங்கிக்கொண்டு கரூருக்கு மாற்றலாகிப் போனார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது வேறு தவளை.

அதன் பிறகு ஏழு வருடம் பொன்மலைக்காரர் என் பிரிவிலேயே, என் கண் முன்னே உட்கார்ந்திருந்தார். ஆபீசர் அறைக்கு அவர் ஃபைலோடு போனதே இல்லை. வேறு யாரையாவது அனுப்புவார். நானும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாமல் இருப்பதை அவருக்குச் செய்யும் உபகாரம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் அந்தப் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தது. இப்போது பழைய படங்களைத் தூசி தட்டி வெளியிடுகிறார்களே, அப்படி. கல்லூரியில் படிக்கும் மகளை இழுத்துக்கொண்டு போனேன். என் வயதுக்காரர்களின் விசில் காதைப் பிளந்தது. விரல் நீட்டும் இடம் வருவதற்கு முன்பே நான் விரலை நீட்டினேன். திரும்பிப் பார்த்தால் மகள் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை எடுக்கும்போது கேட்டாள். "அந்த கிளார்க் என்னப்பா ஆனாரு?"

"எந்த கிளார்க்?"

"இவன் போன்ல பேசிட்டு அவரக் கைகாட்டி, வேலை போச்சே, அவரு. கடைசியில டான்ஸ்ல கூட இல்லையே."

"காமெடிப் படம்மா. அதெல்லாம் பாக்கக் கூடாது."

"இவனுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணுமே ஆகல. எனக்கு இவனப் பாத்தா எரிச்சலா வருது" என்றாள். காவிரிப் பாலம் முழுக்க அந்தக் கடைசி ஆட்டத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆறு தடவை பார்த்தும் அந்தக் குமாஸ்தா ஆடவில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. மகள் என் பின்னால் உட்கார்ந்திருந்ததால் என் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் உடனே போய்ச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பத்து மாதம் தள்ளினேன். பொன்மலைக்காரரின் ஓய்வு நாள் வந்தபோதுதான், இனி இவரைத் தினமும் பார்க்கப் போவதில்லை, சொல்லாமலே தப்பித்துவிடுவேன் என்பது உறைத்தது. தப்பித்துவிடுவேன் என்று தெரிந்ததும்தான் பயம் வந்தது.

வேன் பொன்மலைப்பட்டிக்குப் போனது. மருமகள் ஆரத்தி எடுத்தாள். சின்ன வீடு என்பதால் தெருவிலேயே ஷாமியானா போட்டு டிபன் பரிமாறினார்கள். நான் பொன்மலைக்காரரிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றேன். உள்ளறைக்குக் கூட்டிப் போனார். சுவரில் அவர் கணவர் படம், சீருடையில், ஜீப்பின் மேல் கை வைத்தபடி. இந்த மனிதர் எத்தனையோ தடவை என்னை வீடு வரை கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

சொன்னேன். தூக்கம், ரேக், மூன்று நாள் ஒளிந்து கேட்டது, எல்லாம்.

அவர் சிரித்தார். "நல்ல மனசு சார் உங்களுக்கு. போற நாளுல எங்களச் சேத்து வைக்கணும்னு பழிய நீங்க ஏத்துக்கறீங்க. வேணாம் சார். அவ சொன்னா, நீங்க செஞ்சீங்க. முடிஞ்சு போச்சு."

என்னை நம்பவில்லை. என் வாயிலிருந்து வந்த எதையும் நம்புகிற மாதிரி நான் வாழவும் இல்லை. அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அன்று ஸ்ரீரங்கத்து மாடியில் நான் செய்யாமல் விட்ட ஒரு பகுதி. அதில் சிரிப்பு இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

"ஹி இஸ் நோன்னு சொல்லிட்டு நீங்க அழுதீங்க. அப்போ அவங்க உங்ககிட்ட ஒண்ணு சொன்னாங்க" என்றேன். சொல்லும்போது என்னையறியாமல் மேலப்புதூர்க்காரரின் குரலே வந்துவிட்டது. "அத இங்கிலீஷ்ல சொல்ல வேணாம்க்கா. அத மட்டும் தமிழ்லயே சொல்லுங்க. புரியலன்னா அவரு கத்துக்கட்டும்."

பொன்மலைக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சுவரிலிருந்த கணவர் படத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். மருமகளைக் கூப்பிட்டு, தெருவில் இருக்கும் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டிருந்தால்கூட நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

"கிறிஸ்துமஸ் கேக்க வேற திருப்பி அனுப்பிட்டேனே" என்றார். "பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவ என் கையப் பிடிச்சா சார். உதறிட்டுப் போனேன். ஒரு தப்பும் செய்யாதவள..." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "நீங்களாவது வந்து சொல்லிட்டீங்க. நான்தான் சார் பாவி."

"ஐயோ மேடம், பாவி நான்" என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது அந்த உள்ளறையில், என் கண்ணெதிரே, இரண்டாவது தடவையாக நடந்தது.

மேலப்புதூர்க்காரரின் எண் என் போனில் இருந்தது. எடுத்தேன். "நானே போடறேன். நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். அப்புறம் நீங்க பேசுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கோபமே இல்லாமல், ஒரு தகவல் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"வேணாம் சார். உங்க போன்லேருந்து நான் வருத்தப்படறேன்னு சொன்னா, அதையும் நீங்கதான் என் குரல்ல மிமிக்ரி பண்றீங்கன்னு நெனச்சுக்குவா. நம்பர மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

டிபன் பொட்டலம் கட்டிய தாளின் ஓரத்தைக் கிழித்து, எண்ணை எழுதி, கட்டில் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.