வலிக்கிற குச்சி

முதலில் குச்சியின் மேல்தான் பழியைப் போட்டேன்.

செஞ்சி கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் திரும்பும்போது என் வலது கை டிரம் குச்சி நழுவிப் பறந்து, மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த காரின் முன்கண்ணாடியில் போய் விழுந்தது. மாப்பிள்ளை பதறிப்போய் மாலையைப் பிடித்துக்கொண்டார். தெருவே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

"இன்னாப்பா, குச்சிக்கு றெக்க மொளச்சிடுச்சா?" என்றார் மாஸ்டர். எங்கள் பேண்டு செட் அவருடையது. கிளாரினெட் வாசிப்பவரும் அவர்தான்.

"வேர்வை மாஸ்டர். புதுக் குச்சி, வழுக்குது," என்றேன்.

அது புதுக் குச்சி இல்லை. இரண்டு வருஷமாக என் கையில் புழங்கிய குச்சி. ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இது அறுபதுகளின் நடுவில். எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மண்வெட்டி பிடித்தவர்கள். நான் ஒருவன்தான் தப்பித்து வந்து சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு சைடு டிரம் வாசித்தேன். கழுத்தில் வார் போட்டு இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ளும் டிரம். அதை மாட்டினால்தான் எனக்கு நிமிர்ந்து நடக்கவே வரும். கழற்றி வைத்துவிட்டால் நாலு பேரோடு ஐந்தாவது ஆள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் நன்றாக வாசித்தேன், அந்தத் திமிரும் இருந்தது.

மற்ற செட்டுகளில் ஒரே ஜோடிக் குச்சியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அடித்துத் தள்ளுவார்கள். என்னிடம் மூன்று ஜோடி இருந்தது. ஊர்வலத்தில் நடை போடும் அடிக்குப் பூவரசு. அது ரொம்பக் கனமும் இல்லை, ரொம்ப லேசும் இல்லை, மணிக்கணக்கில் அடித்தாலும் தோள் நோகாது. பட்டாசு, கூட்டம், கூச்சல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்க வேண்டிய குத்தடிக்குக் கருவேலம். தலை தடித்த குச்சி, தோலில் விழுந்தால் நெஞ்சில் இடிக்கும். மாப்பிள்ளை பந்தல் வாசலில் இறங்கும்போது வாசிக்கிற ரோலுக்குக் கொய்யா. ரோல் என்றால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அதிர்வாக ஓட வேண்டும். கொய்யாக் குச்சி தோலில் பட்டதும் தானாக எழும்பும். அதைத் தடுக்காமல் விட்டுப்பிடித்தால் போதும். அந்த விட்டுப்பிடிக்கிற வேலை முழுக்கச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும்தான். பார்க்கிறவர்கள் கட்டைவிரல்தான் வாசிக்கிறது என்று நினைப்பார்கள்.

என் மனைவி பழைய புடவையைக் கிழித்து, மூன்று அறை வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தாள். பெரிய டிரம் அடிப்பவன் என் சிநேகிதன். எப்போதும் எனக்குப் பக்கத்தில்தான் நடப்பான், பக்கத்து இலையில்தான் சாப்பிடுவான். "ஊட்ல ஒண்ணு, பையில மூணு. நாலு பொண்டாட்டிக்காரன்டா நீ," என்று கேலி செய்வான்.

கார் கண்ணாடியில் விழுந்தது பூவரசு. அடுத்த மாதம் கொய்யா விழுந்தது. அதற்கடுத்து, ரோலுக்கு நடுவிலேயே குச்சி விரலுக்குள் சுழன்று பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. அதை நான் உணரவே இல்லை. சத்தம் மாறியதைக் கேட்டுத்தான் குனிந்து பார்த்தேன்.

திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கடைசல் பட்டறை இருந்தது. கட்டில் கால், பம்பரம், தொட்டில் குமிழ் எல்லாம் பட்டறைக்காரர் கடைந்து கொடுப்பார். என் குச்சிகளும் அவர் கடைந்தவைதான். பிடியைத் தடிமனாக்கி ஒரு ஜோடி கேட்டேன். இரண்டு கல்யாணம் தாங்கியது. பிடியில் வரி வரியாக வெட்டித் தரச் சொன்னேன். நூல் சுற்றினேன். குங்கிலியத்தைப் பொடித்துத் தேய்த்தேன். நாலாவது முறை போனபோது பட்டறைக்காரர் கடைசலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மேல தடியா வேணும்னா ஒலக்கதான் கடயணும். இன்னா வாசிக்கிற நீ, நெல்லு குத்துறியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

தடித்த குச்சியில் ரோல் வராது. அதனால் ரோலை விட்டேன். முன்பெல்லாம் அடிக்கு ஏற்ற குச்சியை எடுத்தவன், இப்போது குச்சிக்கு ஏற்ற அடியை மட்டும் வாசித்தேன். "பந்தல்ல ரோல் எங்கப்பா போச்சி?" என்று மாஸ்டர் கேட்டார். "இப்பல்லாம் பட்டணத்துல யாரும் ரோல் போடறதில்ல மாஸ்டர்," என்று அளந்துவிட்டேன். நம்பினாரோ இல்லையோ, கிளாரினெட்டைத் துடைக்கப் போய்விட்டார். அவர் இரண்டு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மத்தியான நேரங்களில் மாஸ்டரிடம் டிரம்மை வாங்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் தனியாகப் போய்ப் பழகினேன். அங்கே மலையில் பட்டுச் சத்தம் திரும்பி வரும். எந்த அடி விழவில்லையோ அது திரும்பியும் வராது. மலையிடம் பொய் சொல்ல முடியவில்லை. ஒருநாள் குச்சிகளை எல்லாம் பாறையில் வீசிவிட்டு உட்கார்ந்து அழுதேன். பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

முழங்கைக்குக் கீழே வெளுப்பாக ஒரு தேமல் இருந்தது. எங்கள் பக்கத்தில் தேமல் இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. பூவரசங்காயைக் கிள்ளி அதன் மஞ்சள் பாலைத் தடவுவோம், போய்விடும். நானும் தினமும் தடவினேன். அந்தப் பால் காந்தும். எனக்குக் காந்தவில்லை. நல்ல காய் இல்லை போல என்று வேறு மரத்தில் பறித்தேன். குச்சியை மாற்றினேன், காயை மாற்றினேன். என் கையை மட்டும் சந்தேகிக்கவில்லை. அல்லது சந்தேகிக்கத் துணியவில்லை.

தை மாதம், மேல்சித்தாமூரில் ஒரு நயினார் வீட்டுக் கல்யாணம். சமணர் வீடு என்பதால் காலையில் ஊர்வலம், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு எல்லாம் முடிந்துவிடும். பனியில் டிரம் தோல் தொய்ந்து கிடந்தது. களத்து ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்தி ஆளாளுக்குத் தோல் காய்ச்சினோம். நான் வலது கையால் டிரம்மின் கீழ்வளையத்தைப் பிடித்துத் தணலுக்கு மேல் காட்டிக்கொண்டு, மாஸ்டர் பாட்டு வரிசை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கருகுகிற வாடை வந்தது. தோல் கருகுகிறது என்று நினைத்து டிரம்மை உயர்த்திப் பார்த்தேன்.

"டேய், கையி! கைய எட்ரா!" என்று பெரிய டிரம்காரன் கத்தினான்.

பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் வெந்து தோல் சுருண்டிருந்தன. யாருடைய விரல்களையோ பார்ப்பது போல இருந்தது. சுருக்கென்றுகூட இல்லை.

வலிப்பது போலக் கத்தியிருக்க வேண்டும். அது எனக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் தோன்றியது. அதற்குள் செட்டில் மற்ற எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

"பனியில வெறச்சிப்போயிருக்குது," என்றேன்.

அந்த வியாதியின் பெயரைச் சொன்னால் தொற்றிக்கொள்ளும் என்று பயந்த காலம் அது. பெருவியாதி என்றுகூட மெதுவாகத்தான் சொல்வார்கள். தொழுநோய் என்ற சொல்லெல்லாம் டாக்டர் வாயில்தான் நான் கேட்டேன்.

ஊர்வலம் காத்திருந்தது. வேறு சைடு டிரம் ஆள் இல்லை. கருவேலக் குச்சியை வலது கையில் வைத்து, கைக்குட்டையைச் சுற்றிப் பல்லால் இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசித்தேன். அன்றைக்கு ஒரு அடி பிசகவில்லை. எப்போதையும்விட நன்றாக வாசித்தால் அவர்கள் பார்த்ததை மறந்துவிடுவார்கள் என்று ஒரு வெறி. பந்தல் வாசலில் அந்த உலக்கைக் குச்சியை வைத்துக்கொண்டு ரோல்கூடப் போட்டேன். கொடூரமாக இருந்தது. ஆனாலும் போட்டேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பெரிய டிரம்காரன் வந்தான். என் பக்கத்து இலையைப் பார்த்தான். பிறகு, இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தான். அங்கேதான் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் வரும் டாக்டரிடம் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொடும் இடத்தைக் காட்டச் சொன்னார். நான் எதையும் காட்டாமல், அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மாத்திரை கொடுத்தார். வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், நோய் நின்றுவிடும், வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்றார்.

"டிரம் வாசிக்கலாமா சார்?"

"மரத்துப்போனது திரும்பி வரும்னு நான் சொல்ல முடியாதுப்பா," என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியவில்லை.

டிரம் செட்டுக்குச் சொந்தமானது, மாஸ்டரிடமே இருந்தது. குச்சிப் பையை அங்கேயே விட்டிருந்தேன். எனக்குப் பதில் வருகிறவன் அதைத் தொடுவானா என்று தெரிந்துகொள்ளத்தான் விட்டேனோ என்னவோ. நாலாம் நாள் மாஸ்டர் வந்தார். பை நியூஸ்பேப்பரில் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது. என் கையில் கொடுக்கவில்லை. வாசலில் விறகு அடுக்கின் மேல் வைத்தார்.

"கை சரியாவட்டும்பா. அப்புறம் பாக்கலாம்," என்றார். தண்ணீர் கொடுத்தாள் என் மனைவி. இப்போதுதான் குடித்தேன் என்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பொட்டலத்தைப் பிரித்தேன். வலது கையை விறகுக் கட்டைமேல் விரித்து வைத்தேன். இடது கையில் கொய்யாவை எடுத்துச் சுண்டுவிரலில் அடித்தேன். ஒன்றுமில்லை. பூவரசை எடுத்து அடித்தேன். ஒன்றுமில்லை. டிரம்முக்கு எப்படிப் பார்த்துப் பார்த்து எடுப்பேனோ அப்படித்தான் எடுத்தேன். எது வலிக்கும், எது வலிக்கும் என்று. வலித்தால் போதும், ஒரே ஒரு தடவை வலிக்கட்டும், நான் மறுபடி வாசித்துவிடுவேன். கருவேலத்தை எடுத்தேன். வெந்த புண் வெடித்து ரத்தம் விறகில் வழிந்தது. அடிகள் மட்டும் சுத்தமாக, நடை போடும் கணக்கில் விழுந்துகொண்டிருந்தன.

மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"உடுய்யா! அது இன்னா கட்டயா? கையிய்யா அது, கையி!"

குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஊரில் ஒருவரும் தொடாத கை. அவளுடைய விரல் கணுக்கள் வெளுத்துப்போயிருந்தன. அதைப் பார்த்துத்தான், அவள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.