மேடம் கையில் கொடுத்த போன்

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. வீம்புக்கு மட்டும் குறைவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களைப் போல் சுக்குக் குடோனில் வேலை செய்யும் பெண்களுக்கு போன் பழக்க ஒரு வகுப்பு நடந்தது. அதற்குப் பணம் கொடுக்கும் கம்பெனியின் மேடம், இனியும் கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க வந்தார்.

"போன்ல ஆஸ்பத்திரி டோக்கன் யார் எடுத்துக் காட்டுவீங்க?" என்று கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். போன் திரையில் எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டத்தை அமுக்குவது என்று எண்ணி மனதில் வைத்திருந்தேன். ஓர் எழுத்தையும் படித்ததில்லை. மேடம் தன் போனைக் கொடுத்தார். அதில் எல்லாம் இடம் மாறியிருந்தது. என் விரல் அப்படியே நின்றது. டீச்சரின் முகம் வெளுத்தது.

பக்கத்தில் இருந்த கதீஜா எழுந்தாள். "மேடம், சேச்சி கட்டத்தை எண்ணித்தான் அமுக்குவாங்க. நானும் அப்படித்தான். படிக்கத் தெரியாது."

"ஏண்டி என் மானத்தை வாங்குறே?" என்று முணுமுணுத்தேன்.

"சும்மா இருங்க சேச்சி. தெரிஞ்சா நாம எதுக்கு இங்க வர்றோம்? மேடம், வகுப்பை நிறுத்திடாதீங்க. எழுத்திலேர்ந்து சொல்லித் தரச் சொல்லுங்க."

மேடம் டீச்சரிடம், "எழுத்துக்கும் சேர்த்து எத்தனை மாசம் வேணும்னு எழுதிக் கொடுங்க" என்றார்.

இந்த வயதுக்குள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்ற ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். இப்போதெல்லாம் வகுப்பில் ஏதாவது புரியாவிட்டால், கதீஜாவுக்கு முன்னால் என் கை உயர்ந்துவிடுகிறது. அதிலும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.