கோட்டுக்கு வெளியே நின்ற முந்திரி

மரத்தை வெட்டாமல் வைத்திருந்தால் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும். அப்படிப் பிடித்ததை எங்கோ புகை விடும் கம்பெனிகள் விலை கொடுத்து வாங்கும். இந்த ஏற்பாடு உண்மையிலேயே பலித்ததா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதுதான் செங்கல்பட்டில் என் அலுவலகத்தின் வேலை. ஒருநாள் என் அக்கா வீடும் அந்த வரிசையில் வரும் என்று நான் நினைக்கவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர மணலில் அக்கா வீட்டுக்காரர் மாமாவுக்கு இரண்டு தோப்பு. முன்னால் சவுக்கு, அதன் நடுவே வண்டிப்பாதையில் போனால் பின்னால் முந்திரி. எங்கள் பக்கத்தில் சவுக்கை யாரும் மரமாகவே மதிப்பதில்லை. அது பயிர். நடுவார்கள், சில வருஷத்தில் வெட்டுவார்கள், மறுபடி நடுவார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முதலில் கைவைப்பது அதில்தான். முந்திரி அப்படியில்லை. அக்கா வாழ வந்த நாளிலிருந்து அது அவள் தோப்பு. மாமாவோடு சண்டை என்றால் அங்கே போய்த்தான் உட்காருவாள்.

கம்பெனிக்காரர்கள், வெட்டாமல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி, சவுக்கை மட்டும் திட்டத்தில் சேர்த்தார்கள். கையெழுத்துப் போட்ட அன்று மாமா தோப்பு முனையில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார். வந்தவர்கள் ஆசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அக்கா மகளுக்கு வரன் அமைந்தது. ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். முன்கூட்டியே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள அதில் வழி இருந்தது. மாமாவிடம் சொன்னேன்.

"நீ படிச்சவன் மச்சான், ஆயிரம் சொல்லுவ. நான் கற்பூரம் ஏத்திட்டேன். இனிமே அதுல கத்தி வெச்சா பொண்ணுக்கு ஆவாது."

"அப்ப கல்யாணச் செலவுக்கு இன்னா பண்ணுவீங்க மாமா?"

"அதான் முந்திரி கீதே."

அக்கா தடுக்கவில்லை. பெற்ற மகள் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றவள் என்று பேர் வாங்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? நிச்சயதார்த்தத்துக்கு நான் போனபோது பின்னால் வெறும் மணல்தான் இருந்தது. அத்தனை மரமும் சூளைக்கு விறகாகப் போய்விட்டது. சவுக்கை வெட்டியிருந்தால் இந்நேரம் கன்று நட்டிருப்பார்கள்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பிறகு ஆய்வு வந்தது. சொந்தக்காரன் என்பதால் என்னை அனுப்பவில்லை, உடன் வேலை செய்பவர் போனார். சவுக்கு ஒரு கிளை குறையாமல் நிற்கிறது, திட்டம் நல்ல பலன் தந்திருக்கிறது என்று எழுதினார். முந்திரியைப் பற்றி அவரிடம் சொல்லிப் பார்த்தேன். வரைபடத்தில் கோடு போட்ட இடத்தை மட்டும்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அதுவும் உண்மைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா அந்த அறிக்கையை என்னிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். தோப்பைச் சிறப்பாகக் காப்பாற்றியிருக்கிறார் என்ற இடம் வந்ததும் மீசையைத் தடவிக்கொண்டார். அக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எம் முந்திரியப் பத்தி இன்னாடா எழுதிகிறாங்க?"

"அது கோட்டுக்கு வெளிய கீதுக்கா. அதையெல்லாம் பாக்க மாட்டாங்க."

அவள் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள்.

"வெட்டின மரத்த ஏத்திகினு லாரி சவுக்குத் தோப்புக்குள்ள பூந்துதானேடா போச்சு?"