லியோனிதாஸ் கண்ணைக் கசக்கிய கதை

எங்கள் கொத்துயீ ஊர் அரிசி ஆலையில் சாக்குத் தைக்கும் லியோனிதாஸுக்கு வயது இருபத்தொன்பது. அவன் கண்ணைக் கசக்காமல் கால் மணி நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. ஞானஸ்நானத்தன்று பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றியபோது, அழுவதற்கு முன்னால் கண்ணைத்தான் கசக்கினான் என்று அவன் அக்கா டிக்னா சொல்வாள். ஆலை முழுக்க உமித் தூசி. அவனுக்கோ தூசி என்ற பேச்சே ஆகாது. விரல்முட்டியைக் கண்ணுக்குள் விட்டு ரொட்டி மாவு பிசைவதுபோல் பிசைவான். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கே சுகமாக இருக்கும்.

என் மளிகைக்கடை வாசலில், புள்ளிக் கட்டைகளை வரிசையாகச் சேர்த்து ஆடும் டோமினோவுக்கு ஒரு மேசை கிடக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் திருவிழாவை ஒட்டி அதில் ஜோடிப் போட்டி நடத்துகிறேன். நடுவர் நான்தான். கடை என்னுடையது, மேசை என்னுடையது, நாற்காலிகளும் என்னுடையவை; வேறு யாரை நடுவராகப் போடுவது? லியோனிதாஸும் டிக்னாவின் புருஷன் ஃப்ரெமியோவும் ஒரு ஜோடி. ஃப்ரெமியோ முடி திருத்துகிறவன். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நாலு வருஷம் தொடர்ந்து ஜெயித்தார்கள். பரிசு ஒரு பன்றி. கிறிஸ்துமஸுக்கு ஊரே கறிக்கு அலையும்போது அந்த வீட்டில் மட்டும் கவலை கிடையாது.

இந்த வருஷம் லியோனிதாஸ் மூன்று தடவை கண்ணாடி மாற்றினான். எதுவும் ஒத்துவரவில்லை. தெருவிளக்குக்குத் தாடி முளைத்திருக்கிறது என்றான். நிலாவுக்கு நாலு நிழல் என்றான். எல்லாவற்றுக்கும் மேலாக அவன் அக்கா மூன்று பேராகத் தெரிந்தாள். "ஒரு அக்காவையே சமாளிக்க முடியல. இப்ப மூணு பேரா நின்னு திட்டுறாங்க," என்று என்னிடம் அழாக்குறையாகச் சொன்னான். டிக்னாவுக்கு அது காதில் விழுந்ததும் மறுநாள் காலையே அவனைப் பேருந்தில் ஏற்றி மக்கோரிஸ் நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். தாடையை இயந்திரத்தில் வைக்கச் சொல்லி, அவன் கண்ணைச் சிவப்பும் மஞ்சளுமாகப் படம் எடுத்துக் காட்டினாராம். கண்ணின் கருப்புக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் தோல் ஆரஞ்சுப் பழம்போல உருண்டையாக இருக்கவேண்டும். இவனுக்கு அது மெலிந்து எலுமிச்சம்பழத்தின் நுனிபோலப் பிதுங்கிவிட்டது. கெரட்டோகோனஸ் என்று பெயர். சொட்டுமருந்து விட்டு, விளக்கொளி காட்டி, அந்தத் தோலை இறுக்கி நோயை அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு கெட்டியான லென்ஸ் போட்டால் நன்றாகத் தெரியும். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார். ஆனால் தோல் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் மெலிந்தால் இந்த வைத்தியம் செய்ய முடியாது, செத்தவர் கண்ணிலிருந்து தோல் எடுத்துத் தைக்க வேண்டி வரலாம் என்றார். அதனால் அதுவரைக்கும், அதற்குப் பிறகும், கண்ணைக் கசக்கவே கூடாது.

மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருந்தால்கூட முயன்று பார்த்திருப்பான். அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "அக்கா, நான் குருடாயிடுவேனா?" என்று என்னிடம் கேட்டான்; என்னையும் அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அதெல்லாம் ஆகமாட்டாய் என்று அதட்டிவிட்டுக் காப்பி கொடுத்தேன். கையை வெளியே எடுக்கப் பயந்து அதைக் குடிக்காமலே போனான்.

அதற்குப் பிறகு ஊர் வைத்தியம் தொடங்கியது. கேரட் தின்னச் சொன்னார்கள். தாய்ப்பால் விடச் சொன்னார்கள். கொடுக்கவும் ஒருத்தி முன்வந்தாள், அவள் புருஷன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குக் காவலான புனித லூசியாவுக்கு டிக்னா பன்னிரண்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அதில் நம்பிக்கை பற்றாமல், தம்பி தூங்கும்போது இரண்டு கையிலும் பேஸ்பால் உறை மாட்டிவிட்டாள். இரண்டுமே இடது கை உறைகள். கனவிலும் பந்து பிடித்துக் களைத்துப்போய்தான் காலையில் எழுந்தான்.

பகலுக்கு வேறு ஏற்பாடு. லியோனிதாஸின் கை கண்ணுக்குப் போவதை யார் பார்த்தாலும் ஓங்கி ஓர் அடி கொடுக்கலாம் என்று டிக்னா தெருவுக்கெல்லாம் அனுமதி கொடுத்தாள். எங்கள் ஜனத்துக்கு இது போதாதா? பாவம், மூக்கைச் சொறிந்தாலும் அடி விழுந்தது. தொப்பியைச் சரிசெய்தாலும் விழுந்தது. பழைய பகை வைத்திருந்த ஓர் எண்பது வயதுக் கிழவர் அவன் பின்னாலேயே ஒரு வாரம் நடந்தார். ஆனால் கண்ணை ஒருதரம்கூட அவன் தொடவில்லை. அதைச் சொல்லியாகவேண்டும்.

இந்தக் கூத்துக்கு நடுவில் யாரும் கவனிக்காத ஒன்றை நான் கவனித்தேன். ஃப்ரெமியோவுக்கு முகம் வெளுத்துக்கொண்டே போனது. போட்டிக்கு முன்னால் சும்மா பழகுகிற ஆட்டங்களில் ஜோடி வரிசையாகத் தோற்றது. நாலு வருஷம் சிங்கமாக ஆடியவன் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மச்சினன் முகத்தையே ஏங்கி ஏங்கிப் பார்த்தான். ஆறாவது தோல்விக்குப் பிறகு அவனைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு வந்தான். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, கண்ணுதான் ஆகாதுன்னுட்டாங்க. வேற எதுல சொல்லப்போற? காது சரிப்படுமா?"

"எதைச் சொல்லணும், மச்சான்?"

"என்கிட்டயே நடிக்காதடா. வலது கண்ணைக் கசக்கினா ஆறும் அஞ்சும் கையில நிறைய இருக்கு. இடது கண்ணுன்னா சின்னப் புள்ளி. ரெண்டும்னா ஆபத்து, காப்பாத்துன்னு அர்த்தம். நாலு வருஷமா அதைப் பார்த்துத்தானே ஆடுறேன்."

லியோனிதாஸ் மெதுவாக, "மச்சான், எனக்கு அரிச்சுது," என்றான்.

வெங்காயம் கையிலிருந்து உருண்டது. எங்கள் ஊரில் ஜோடிக்குச் சைகை காட்டுவதைவிடப் பெரிய பாவம் கோயில் உண்டியலை உடைப்பது ஒன்றுதான். பேச்சோ, சைகையோ, தொடுவதோ கண்டால் அந்த இடத்திலேயே ஆட்டம் போச்சு என்பது என் சட்டம். எழுந்துபோய் நாலு பன்றியையும் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அவை எப்போதோ செரித்துப்போயின. அதில் எனக்கும் ஒரு தொடை வந்திருந்தது. மேலும், சைகைக்கு இரண்டு பேர் வேண்டும். அரிப்பு குற்றமாகாது என்று எனக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

லியோனிதாஸுக்குத்தான் ஆறவில்லை. நாலு வருஷம் தான் நன்றாக ஆடியதாக நினைத்துக்கொண்டிருந்தவன் அவன். காதும் கிடையாது, மூக்கும் கிடையாது, இனிமேல் யோக்கியமாக ஆடுவோம் என்று சொல்லிவிட்டு வெளியேறினான். அவர்கள் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. அதில் அவதிப்பட்டது ஃப்ரெமியோவிடம் முடிவெட்டிக்கொண்டவர்கள்தான். பேச ஆள் இல்லாமல் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கொட்டினான்.

போன வருஷம் ஜெயித்தவர்கள் நேரே இறுதியாட்டத்தில் உட்காரலாம். அது ஞாயிற்றுக்கிழமை, வைத்தியத்துக்கு இரண்டு நாள் முன்னால். எதிர் ஜோடி மருந்துக்கடை நிக்கானோரும் அவர் மனைவி ஒஃபேலியாவும். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஆடக்கூடியவர்கள். பன்றியைக் கம்பத்தில் கட்டியிருந்தேன். தெருவே கூடிவிட்டது. ஆட்டக்காரர்களை யாரும் தொடக்கூடாது, அடிக்கும் அனுமதி இன்று செல்லாது என்று முதலிலேயே அறிவித்தேன். கூட்டத்துக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

லியோனிதாஸ் புள்ளிகளைக் கண்ணால் எண்ணாமல் கட்டைவிரலால் குழி தடவி எண்ணினான். நன்றாகவே ஆடினான். மத்தியானம் தாண்டி எங்கள் பழைய ஜோடிக்கு நூற்றெண்பத்தைந்து, நிக்கானோர் ஜோடிக்கு நூற்றெண்பது என்று வந்து நின்றது. இருநூறு தொட்டால் பன்றி. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி ஆலைப் பக்கமிருந்து வீச, உமித் தூசி வாசல் முழுக்க இறங்கியது.

நானே தும்மினேன். லியோனிதாஸின் கண்கள் தக்காளியாகச் சிவந்தன. உதட்டைக் கடித்தான், நாற்காலியை இறுக்கினான், ஏதோ ஜெபம் முணுமுணுத்தான். ஆட வேண்டியது ஃப்ரெமியோ. வரிசையின் ஒரு முனையில் ஆறு திறந்து கிடந்தது. மச்சினனிடம் ஆறு இருந்தால் அதைத் திறந்தே விடவேண்டும், இல்லையென்றால் மூடவேண்டும். அது தெரிந்துவிட்டால் ஆட்டம் அவனுடையது. அவன் நெற்றியில் வியர்வை ஓடியது.

அப்போது லியோனிதாஸின் கை எழுந்தது. அவன் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது. முஷ்டி மடங்கி, விரல்முட்டி நீண்டு, நேரே வலது கண்ணுக்குப் போனது. டிக்னா கூட்டத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஃப்ரெமியோ பார்த்தான். நாலு வருஷமாக அவன் காத்திருந்து பார்த்த அதே கை, அதே கண். இன்னும் ஒரு விரற்கடை போக விட்டிருந்தால் போதும், அவனுக்கு வேண்டிய சைகை கிடைத்திருக்கும்.

ஃப்ரெமியோ மேசைமேல் பாய்ந்துவிட்டான். கட்டைகள் நாலாபக்கமும் சிதறின. ஒஃபேலியா மடியில் ஏழெட்டு விழுந்தன. மச்சினனின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, வயிறு மேசையில் கிடக்க, "பன்னி கிடக்குது. கண்ணை விடு மாப்ளே," என்றான்.

ஃப்ரெமியோ பேசினான், தொட்டான், மேசையையும் கலைத்தான். ஒரே மூச்சில் என் சட்டம் எல்லாவற்றையும் மீறிவிட்டான். நடுவர் நான். ஆட்டம் போச்சு என்று சொன்னேன். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினேன், அதற்குத் தூசிதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். குனிந்து, லியோனிதாஸின் காலடியில் விழுந்த அவன் கட்டைகளைப் பொறுக்கினேன். அவற்றில் ஒரு ஆறுகூட இல்லை.

பிடித்த கையை ஃப்ரெமியோ செவ்வாய்க்கிழமைவரை விடவில்லை என்றே சொல்லலாம். மக்கோரிஸ் பேருந்தில் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்து போனானாம். போலீஸும் கைதியும் என்று நினைத்த ஒரு அம்மாள் கைதிக்கு இரக்கப்பட்டு ஒரு ரொட்டி கொடுத்தாள். அதையும் ஃப்ரெமியோதான் ஊட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிக்னா வெட்கத்தில் அவர்களைத் தெரியாதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

டாக்டர் மறுபடி அளந்தார். தோல் மூன்று வாரத்துக்கு முன்பு இருந்த அளவிலேயே இருந்தது. இன்றைக்கே செய்துவிடலாம் என்று லியோனிதாஸை உள்ளே அழைத்துக்கொண்டார். கதவு சாத்தியதும் ஃப்ரெமியோ வராந்தா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு முஷ்டியாலும் கண்ணைக் கசக்கத் தொடங்கினான். கசக்கக் கசக்கத் தண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் அவன் கையைத் தட்டிவிட்டு, கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு கண்ணைக் கசக்குகிறாயே, உனக்கு அறிவில்லையா என்று திட்டிவிட்டுப் போனாளாம்.