பாதிப் பெட்டி

பழக் கொட்டகையில் அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்த வீடு வைத்த பெயரோ புகுந்த வீடு வைத்த பெயரோ அல்ல. வேலை வைத்த பெயர். தோட்டங்களிலிருந்து ஆரஞ்சு ஏற்றிவரும் ஒவ்வொரு வண்டியிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெட்டிகளை இழுத்துப்போட்டு, பழங்களைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பாள். உள்ளே புழு நெளிந்தால், கொட்டகையைப் பூட்டுவதற்குள் பூச்சித் தடுப்பு அலுவலகத்துக்குத் தகவல் போயாக வேண்டும். எந்தத் தோட்டம், என்றைக்குப் பறித்தது, எத்தனை பெட்டி. மறைத்தால் கொட்டகைக்குப் பூட்டு. சொன்னால் அந்தத் தோட்டத்து மரங்களுக்குப் புல்டோசர். பக்கத்துத் தோட்டங்களுக்கு மருந்தடித்து, கண்காணிப்பில் வைப்பதோடு சரி.

இந்த வேலையில் இருப்பவளுக்கு நல்ல பெயர் எங்கிருந்து வரும்? புழு கண்ட வண்டிக்காரன் ஒருவன் பெட்டியைத் தூக்கி அவள் தலையில் எறிந்திருக்கிறான். காதுக்குப் பின்னால் தையல் போட்டுக்கொண்டு மறுநாளே வந்து வெட்டினாள். இன்னொருவன் கத்தி பிடித்த கையை முறுக்கப் பார்த்தான். நிறைந்த பெட்டியொன்றை அவன் காலில் நழுவவிட்டாள். பெருவிரல் நகம் போயிற்று. "கை வழுக்கிடுச்சு" என்றாள். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

புழுவுக்கு அடுத்தபடியாக அவளுக்குப் பிடிக்காதது பாதிப் பெட்டி. பாதி நிறைந்த பெட்டியில் பழம் உருளும், அடிபடும், சாறு வடிந்து, பழம் நகர்ந்துபோகும் உருளைப் பட்டையெல்லாம் பிசுபிசுக்கும். "பாதிப் பெட்டியோட வந்தீங்கன்னா உங்க தலையப் போட்டுதான் நிரப்புவேன்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பயந்துபோன தோட்டக்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். பறிப்பு முடிந்து மிஞ்சும் பழத்தைப் பக்கத்துத் தோட்டக்காரனின் பெட்டியில் கொட்டிவிடுவார்கள். இரவல் பழம் என்று அதற்குப் பெயர். ஒருவன் பழத்தை இன்னொருவன் பெயரில் அனுப்புவது சட்டப்படி குற்றம். கத்தியக்காவுக்கும் அது தெரியும். பெட்டி நிறைந்திருந்தால் அவள் கண்டுகொள்வதில்லை.

அன்று வந்தது கொழுந்தன் வண்டி. அவள் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். நடுவில் ஒரு வாய்க்கால், தாண்ட ஒரு பலகை. தம்பிக்காரனுக்கு மூக்கு நுனியில் கோபம். ஊர் அவனை மிளகாய் என்றது.

"அண்ணி, சீக்கிரம் வெட்டுங்க. நீங்க வெட்டுற வேகத்துக்குப் பழம் இங்கயே அழுகி, முளைச்சு, மரமாயிடும்."

"முளைச்சா உன் வாயிலயே நட்டுடலாம். அங்கதான் நல்ல எரு இருக்கு."

பட்டையோரம் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், வெட்டிய பழத்திலிருந்து அரிசி மணி போல ஒன்று வளைந்து, துள்ளி, கத்தியின் மேலேயே விழுந்தது.

மிளகாயும் பார்த்துவிட்டான்.

"ஒண்ணுதானே அண்ணி. நசுக்கிட்டு அடுத்ததப் பாருங்க."

அதே பெட்டியில் இன்னொன்றை வெட்டினாள். அதில் ஒரு கூட்டமே நெளிந்தது.

"நகரு தம்பி" என்று சொல்லிவிட்டு, பிடித்த கத்தியோடேயே அலுவலக அறைக்குப் போய் ஃபோனை எடுத்தாள். கொழுந்தனின் தோட்ட எண்ணைச் இரண்டு தரம் சொன்னாள். திரும்பினால் வாசலில் மிளகாய். கையில் பெட்டி திறக்கும் இரும்புக் கம்பி.

முதல் அடி மேசைக் கண்ணாடியில். இரண்டாவது அவள் இடது முன்கையில். காய்ந்த விறகு முறிவது போலச் சத்தம் கேட்டது. "என் மரத்துல புழு கிடையாது! என் புள்ள மேல சத்தியம்! ஒவ்வொரு மரமா பார்த்துட்டுதான் பறிச்சேன்!" என்று கத்திக்கொண்டே அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனான். சுழன்றுகொண்டிருந்த உருளைகளின் மேல் முகத்தை அழுத்தினான். நெற்றித் தோல் உரிந்தது. வலது கையில் கத்தி இன்னும் இருந்தது. எங்கே படுகிறது என்று பாராமல் வீசினாள். அவன் கன்னம் காதோரத்திலிருந்து தாடைவரை திறந்துகொண்டது.

ஆட்கள் வந்து பிரித்தபோது உருளைப் பட்டையை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பழங்கள் வந்து வந்து கடைசியில் தரையில் விழுந்து, ரத்தத்தில் உருண்டன.

சாயங்காலம் கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் அதட்டிக்கூடப் பேசாத மனிதர். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தம்பியைத் திட்டவில்லை. அதுவே அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"போனது போகட்டும். நம்ம மரமாவது தப்பிச்சுதே" என்றார்.

அவள் தண்ணீரைக் கீழே வைத்தாள். பிள்ளை மேல் சத்தியம் செய்த குரல் இன்னும் காதில் இருந்தது. மிளகாய் எத்தனையோ பொய் சொல்வான். பிள்ளையை வைத்துச் சொன்னதில்லை.

"அவன் வண்டியில நீங்க ஏதாவது போட்டீங்களா?"

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"அவன் வண்டி எடுக்கப் போயிருந்தான். அவன்கிட்ட ஒரு பெட்டி பாதியில நின்னுது. எனக்கும் கொஞ்சம் மிஞ்சிருந்துச்சு, அதுல கொட்டிட்டேன். நீதானே பாதிப் பெட்டியோட வந்தா மண்டைய உடைப்பேன்னு..."

"நம்ம மரத்துல புழு இருக்குன்னு தெரியுமா தெரியாதா?"

"கீழ விழுந்ததுல பார்த்தேன். அதையெல்லாம் பொறுக்கிப் புதைச்சிட்டேன். மேல இருக்கிறது நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

புழுவைக் கண்ட தோட்டக்காரனும் அன்றே சொல்லியாக வேண்டும் என்பதுதான் சட்டம். இவர் மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார். இதைக் கேட்பதற்கா ஒரு கை முறிந்தது, ஒரு கன்னம் கிழிந்தது? நல்ல கையால் விட்ட அறையில் அவர் சுவரில் போய் மோதினார். ஃபோனை எடுக்கப் போனாள். அவர் பிடுங்கிக்கொண்டார். அவள் தாவினாள். அந்தச் சாது மனிதர் மாவுக்கட்டைப் பிடித்துத் திருகினார். கண் இருட்டி அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு அவன் தோட்டத்துல புல்டோசர் வேலை முடியற வரைக்கும் வாயத் திறக்காத. உன் வேலையும் போயிடும், நம்ம மரமும் போயிடும். அவன் சின்னவன், மறுபடி நட்டுக்குவான்" என்று சொல்லி, வெளியே தாழ்ப்பாள் போட்டார். அவர் அழுதுகொண்டிருந்தது கதவு வழியாகக் கேட்டது.

விடிந்ததும் புல்டோசர் சத்தம் வந்தது. அவள் நாற்காலியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, சட்டத்தில் நின்ற சில்லுகளின் மேலேயே ஏறிக் குதித்தாள்.

கொழுந்தன் தோட்டத்தில் முதல் வரிசை சாய்ந்து கிடந்தது. முகம் முழுக்கக் கட்டுப்போட்ட மிளகாய் புல்டோசர்மேல் கல்லெறிந்திருக்கிறான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனை மண்ணில் அழுத்தி லத்தியால் முதுகில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பெண்சாதி குறுக்கே விழுந்து அவளும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கத்தியக்கா நேராகப் போய் புல்டோசரின் இரும்புத் தகட்டுக்கு முன்னால் நின்றாள்.

"நிறுத்துங்க. இங்க இல்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

பூச்சித் தடுப்பு அதிகாரி ஓடிவந்தார். "என்னம்மா விளையாட்டு இது? இந்தத் தோட்டம்னு சொன்னதே நீங்கதானே?"

"தப்பா சொல்லிட்டேன். பெட்டிதான் இவனோடது. பழம் எங்களோடது. இரவல் பழம் கலந்து வரும்னு தெரிஞ்சும் பார்க்காம விட்டேன்."

"அதுக்கு உங்க மேலயே கேஸ் வரும். கொட்டகைப் பக்கமே வர முடியாது, தெரியுமில்ல?"

"எழுதிக்குங்க. முதல்ல போய் வெட்டிப் பாருங்க."

போய் வெட்டினார்கள். வாய்க்காலோர மரத்தில் பறித்த பழத்தில் புழு துள்ளியது. அடுத்த மரத்திலும் அப்படியே. போலீஸ்காரர்கள் மிளகாயை விட்டுவிட்டார்கள். வண்டி திரும்பி வாய்க்காலில் இறங்கி, கரையை இடித்துக்கொண்டு ஏறியது.

வீட்டுக்காரர் அரிவாளோடு வந்தார். அவள் நெஞ்சுக்கு நேராக அதை ஓங்கினார். "குடியக் கெடுத்தியேடி!" அரிவாளைத் தூர எறிந்துவிட்டு, முதல் மரத்தடியில் வண்டிக்கு முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டார். டிரைவர் எஞ்சினை அணைக்காமல் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி போலீஸைப் பார்த்தார். போலீஸ்காரர்கள் லத்தியை மறுபடி கையில் எடுத்தார்கள்.

"அவர அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவளே ஒற்றைக் கையால் அவர் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தாள். அவர் மரத்தைக் கட்டிக்கொண்டு காலால் உதைத்தார். உதை மாவுக்கட்டில் விழுந்தது. அவள் விடவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவர் கால்களைப் பிடித்தன. மிளகாய்.

"தூக்குங்க அண்ணி."

"கன்னத்துல ரத்தம் வடியுது பாரு."

"உங்க கை மட்டும் நல்லாவா இருக்கு? தூக்குங்க."

அவர் தம்பியின் மணிக்கட்டைக் கடித்தார். மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டானே தவிர பிடியைத் தளர்த்தவில்லை. திமிறத் திமிற இருவரும் சுமந்துபோய் வாய்க்கால் கரையில் அவரைப் போட்டு, எழுந்து ஓடாதபடி ஆளுக்கொரு பக்கம் மேலே உட்கார்ந்துகொண்டார்கள். அவர் கீழே கிடந்து இருவரையும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தாள். முதல் மரம் வேரோடு எழுந்தது.