பதின்மூன்றாம் கட்டம்

வகுப்பில் புதிய தனிம வரிசை அட்டவணையை விரித்து மாட்டினேன். அச்சு மை வாசம் என்னை நாரணாபுரம் வீட்டுச் சுவருக்கு இழுத்துப் போனது.

பள்ளி நாட்களில் அங்கே இதே அட்டவணையை ஒட்டி வைத்துப் படித்தேன். பட்டாசு கம்பெனியிலிருந்து வந்தால் அம்மா குளிக்காமல் எதையும் தொடமாட்டாள். ஒருநாள் மறந்துவிட்டாள்.

“ஏலே, நாங்க சலிக்கிற அலுமினியப் பொடி இதுல எங்கன இருக்கு?”

பதின்மூன்றாம் கட்டத்தைக் காட்டினேன்.

“இம்புட்டுதானா?” என்று விரலை வைத்தாள். ரேகை வெள்ளியாகப் பதிந்தது.

அந்த சீசனிலேயே அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. துணியில் சுற்றித் தந்தவர்கள் முகத்தைப் பார்க்க விடவில்லை. அப்பா அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் அழுதார்.

“சார், எங்கம்மாவும் இந்தப் பொடிதான் சலிக்காக,” என்றாள் முன்வரிசை மாணவி.

அலுமினிய அணுவில் பதின்மூன்று எலக்ட்ரான்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்தில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.