எலும்புக்குள் இருக்கும் நார்

பஸ்ஸில் ஏறும்போது யாராவது நல்ல மனதோடு என் மகளின் கையைப் பிடித்துத் தூக்கிவிட வருவார்கள். "ஐயோ, கையப் புடிச்சு இழுக்காதீங்க!" என்று கத்திவிடுவேன். அவர்கள் முகம் சுருங்கிப்போகும். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பண்டாரவளை, அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரி. ஒவ்வொரு கிளினிக் நாளும் இதே கதைதான். ஆளாளுக்கு விளக்கம் சொல்ல இப்போது எனக்குத் தெம்பில்லை.

அவள் பிறந்தபோது கண்ணின் வெள்ளை லேசான நீலமாக இருந்தது. வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் எங்கள் லயமே வந்து பார்த்து அழகு என்றது. நானும் பூரித்துப்போனேன்.

எங்கள் லயத்தில் பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது ஒரு பெரியம்மா. யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பெரியம்மா. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை அதில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, ஒரு கையையும் எதிர்க்காலையும் குறுக்காக இழுத்துவிடுவார். அப்படி உருவினால்தான் உடம்பு உறுதியாகும் என்பது எங்கள் வழக்கம். என் கணவரும் அந்தக் கையில் வளர்ந்தவர்தான். ஒரு நாள் காலையில் பெரியம்மா அப்படி இழுத்தபோது பிள்ளை வீறிட்டது. தொடை எலும்பு முறிந்திருந்தது.

லயம் இரண்டுபட்டது. பெரியம்மாவின் கை முரடு என்றது ஒரு பக்கம். நான் தூக்கக் கலக்கத்தில் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டு அவர்மேல் பழி போடுகிறேன் என்றது மறுபக்கம். கால் கூடி வந்த கொஞ்ச நாளில், தொட்டிலில் கிடந்தபடியே கை முறிந்தது. அன்று பெரியம்மா கிட்டேகூட வரவில்லை. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பதுளையில் டொக்டர் முதலில் பார்த்தது அவள் கண்ணைத்தான்.

"யாரும் முறிக்கலம்மா. வயித்துக்குள்ள பிள்ளை உருவாகும்போதே, செல்லுங்க தங்களைச் சுத்தி ஒரு புரத நாரைப் பின்னிக்கும். கொலாஜன்னு பேரு. தோல், எலும்பு, கண்ணு எல்லாத்தையும் பிரியாமப் பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான். வெறும் சுண்ணாம்பு மட்டும் இருந்தா எலும்பு சோக்குக் கட்டி மாதிரி உடையும். இவளுக்கு அந்த நார் சரியாப் பின்னப்படல. கண்ணோட வெள்ளையும் அதனாலதான் மெலிஞ்சு, உள்ள இருக்கிற நிறம் தெரியுது."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. பயம் பிறகுதான் வந்தது. வந்தது போகவே இல்லை.

லயத்துக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன். "அப்ப என் கையால இல்லயாம்மா?" என்று பெரியம்மா கேட்டார். "இல்ல பெரியம்மா" என்றேன். அதன்பிறகும் அவர் எந்தப் பிள்ளையையும் குளிப்பாட்டவில்லை.

இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். முறிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவளைப் பார்த்துக்கொள்ளப் பயந்தார்கள். நான் கொழுந்தெடுக்கப் போவதை விட்டுவிட்டேன். ஒரு கையைப் பின்புறத்துக்கும் மறு கையைக் கழுத்துக்கும் அடியில் கொடுத்து, தாம்பாளத்தைத் தூக்குவதுபோலத்தான் அவளைத் தூக்குகிறேன். தூக்கத்திலும் என் கைகள் விறைப்பாகவே இருப்பதாகக் கணவர் சொல்கிறார்.

போன வாரம் கொழுந்தெடுத்துவிட்டு மலையிலிருந்து திரும்பிய பக்கத்துக் காம்பராக்காரி, ஓடி வந்த தன் மகனை வாரி நெஞ்சோடு இறுக்கினாள். என் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்னையும் அந்த மாதிரி இறுக்கிப் புடி."

"வேணாம் தங்கம். உனக்கு வலிக்கும்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் புடிக்கிறேன். நீ உடைய மாட்டதானே?"

என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கினாள். நான் இரண்டு கைகளையும் விலக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.